அத்தையின் சாவுக்கு மேளத்தை நிறுத்தி வைத்தேன்

2016-ஆம் வருடம், மாசி மாதம். நெய்வேலி நகரியத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் ஷாமியானா போட்டிருந்தது. ஹாலில் ஃப்ரீசர் பெட்டிக்குள் அத்தை, என் மாமியார். எழுபத்தெட்டு வயது. முந்தின நாள் சாயங்காலம் காபி கேட்டார். நான் போட்டு எடுத்து வருவதற்குள் போய்விட்டார். மறுநாள் காலை பத்து மணிக்கு மந்தாரக்குப்பத்திலிருந்து மேளக்காரர்கள் ஐந்து பேர் வந்து இறங்கினார்கள். வேப்பமரத்தடியில் வைக்கோலைக் கொளுத்தி மேளத்தின் தோலைக் காய்ச்சினார்கள். அவர்களில் பெரியவர் ஒருவர் குச்சியும் கையுமாக வாசலுக்கு வந்து, "அடிக்கலாமாம்மா?" என்று கேட்டார்.

நான், "கொஞ்சம் இருங்க" என்றேன்.

அந்தக் கொஞ்சம் நாலு மணி நேரம் ஆனது. சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பேரன் பேத்தி எடுத்து, கொள்ளுப்பேரனையும் பார்த்துவிட்டுப் போனவருடைய சாவு கல்யாணச் சாவு. அதிலும் என் மாமியாரைப் போல பாட்டுப் பைத்தியம் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. அப்படிப்பட்டவர் சாவில் மேளத்தை நிறுத்தி வைத்த மருமகள் நான். ஏன் அப்படிச் செய்தேன் என்பதற்கு அத்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அத்தை விருத்தாசலம் பக்கத்துக் கிராமம். நிலம் நீச்சு எதுவும் இல்லாத கூலிக் குடும்பம். சின்ன வயதில் கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் பின்னாலேயே போய், ஊர் எல்லை தாண்டி, தேடி வந்த அப்பாவிடம் அடி வாங்கியவர். கல்யாணமாகி இங்கே வந்தபோது சுரங்கம் வெட்டத் தொடங்கி அதிக நாள் ஆகவில்லை. மாமனார் கான்ட்ராக்ட்டில் மண் அள்ளி, பிறகு பர்மனென்ட் ஆனார். குவார்ட்டர்ஸ் கிடைத்த வருடம் அத்தை கேட்டது ஒரே ஒரு பொருள்தான், ரேடியோ. மரப்பெட்டி ரேடியோ வந்தது. அதன் பிறகு டிரான்சிஸ்டர், டேப் ரெக்கார்டர் என்று மாறினாலும், வீட்டில் சாமி படத்துக்கு அடுத்த இடம் அதற்குத்தான்.

இன்ன பாட்டு என்ற பேதம் அவருக்குக் கிடையாது. மாரியம்மன் கோயில் உடுக்கையும் கேட்பார், கிறிஸ்துமஸ் சமயத்தில் சர்ச் வாசலில் நின்று பாட்டும் கேட்பார். கட்சிக் கூட்டத்துக்குப் போய், பேச்சு தொடங்கும் முன்பு மைக் செட்டில் போடும் பாட்டு முடிந்ததும் எழுந்து வந்துவிடுவார். "பேச ஆரமிச்சிட்டானுங்க, இனிமே அங்க என்னா வேல?" என்பார்.

ஆனால் ஒரு சங்கடம். அது ஷிஃப்ட் வீடு. இதை வெளியூர்க்காரர்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம். நைட் ஷிஃப்ட் முடித்து வருகிற மனிதர் பகலில் தூங்கியாக வேண்டும். ராட்சத மெஷினில் வேலை. தூக்கம் இல்லாமல் போனால் கை போகும், கால் போகும், உயிரே போகும். மாமனார் ஒரு ஷிஃப்ட், மூத்த மகனான என் கணவர் ஒரு ஷிஃப்ட், கொழுந்தனார் கான்ட்ராக்ட்டில் இன்னொரு ஷிஃப்ட் என்று மூன்று பேரும் இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் எப்போதும் தூங்கிக்கொண்டே இருப்பார். திண்டிவனம் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த எனக்கு, கல்யாணமான புதிதில், நோயாளி இருக்கிற வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றியது. குக்கர் விசில் வரப்போகும்போது ஓடிப்போய் அடுப்பை அணைப்போம். பாத்திரத்தை வைப்பதில்லை, படுக்க வைப்போம். பாதிப் பேச்சு கையாலும் கண்ணாலும்தான்.

அந்த வீட்டில்தான் அத்தை ஐம்பது வருடம் பாட்டு கேட்டார். எப்படி என்றால், சத்தத்தைக் கடைசி வரை குறைத்துவிட்டு, ரேடியோவின் முகத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முதல் தடவை பார்த்து, "என்னத்தை பண்றீங்க?" என்று கேட்டேன். "பாட்டு கேக்கறேன். கையில தெரியுது" என்றார். கதை விடுகிறார் என்று நினைத்து, நான் ரேடியோவைக் காதோரம் வைத்து, "இப்ப என்ன பாட்டு?" என்று கேட்டேன். கையை வைத்துப் பார்த்துச் சரியாகச் சொன்னார். ஒரு தடவை இல்லை, நாலு தடவை. அதற்குப் பிறகு நான் சோதிக்கவில்லை. "எங்கம்மா தாலாட்டை நான் கேட்டதே இல்ல, பார்த்துருக்கேன். வாய் மட்டும் அசையும்" என்று என் கணவர் சொல்வார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்கு என்னவோ சிரிப்பு வராது.

மாமனார் காலமானார். கொழுந்தனார் வேறு ஊருக்கு வேலைக்குப் போனார். 2014-இல் என் கணவருக்குச் சர்க்கரை அதிகமாகி, ஜெனரல் ஷிஃப்ட் கொடுத்தார்கள். காலையில் போய் மாலையில் வருகிற வேலை. எங்கள் வீட்டில் முதல்முறையாகப் பகலில் தூங்குபவர் யாரும் இல்லை. நான் அன்றைக்கு ஒரு பாத்திரத்தை வேண்டுமென்றே 'டங்' என்று போட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

சென்னையில் வேலை பார்த்த என் மகள், பழைய பாட்டுகள் நிறைந்த ஒரு சின்னப் பெட்டியைத் தன் ஆயாவுக்கு அனுப்பியிருந்தாள். நன்றாகச் சத்தமாக வைத்தேன். அத்தையின் முகம் மலர்ந்தது. ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது, திடுக்கிட்டவர் போலப் பார்த்து, திருகிச் சத்தத்தைக் குறைத்தார். நான் கூட்டினேன். அவர் மறுபடி குறைத்தார். உதட்டில் விரலை வைத்து, உள் அறையைக் கை காட்டினார்.

அது மாமனார் நைட் ஷிஃப்ட் முடித்துப் படுக்கிற அறை. அவர் போய்ப் பதினோரு வருடம் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து கணக்குப் பார்க்கத் தொடங்கினேன். என்னைத் தன் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டார். நாத்தனார் வந்து இரண்டு நாள் கவனித்துவிட்டு, "அம்மாவுக்கு மறதி நோய்தான் அண்ணி. எங்க தெருவுல ஒரு கெழவி இப்படித்தான் ஆரமிச்சிது, கடசில பெத்த புள்ளயவே யாருன்னு கேட்டுது" என்று அழுதார். அடுத்த வாரம் வெளியூரில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனோம்.

டாக்டர் பொறுமையானவர். "என்ன மாசம்மா?" என்று கேட்டார். "ஆனி" என்றார் அத்தை. "இன்னைக்கு என்ன கிழமை?" அத்தை கொஞ்சம்கூட யோசிக்காமல், "செகண்ட் ஷிஃப்ட்டு, ரெண்டாம் நாளு" என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். ஷிஃப்ட் வீடுகளில் கிழமையை அப்படித்தான் எண்ணுவோம், நானே இருபது வருடம் அப்படி எண்ணியவள்தான். அதை நான் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், "எங்க வீட்டுல யாரும் இப்ப செகண்ட் ஷிஃப்ட் போகலைங்க டாக்டர். மாமா இருந்தப்ப போனது" என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டு எழுதினார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. எழுத வைத்தவள் நான்தான்.

மாத்திரை சாப்பிட்டதும் அத்தை தூங்கத் தொடங்கினார். காலையில் தூக்கம், மத்தியானம் தூக்கம். எழுப்பிச் சோறு ஊட்டினால் பாதி வாயில் இருக்கும்போதே கண் செருகும். பாட்டுப் பெட்டியைக் கையில் கொடுத்தால் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார், அவ்வளவுதான். நோய் முற்றுகிறது போலிருக்கிறது என்று நாங்களே பேசிக்கொண்டோம். வீடு வெறிச்சென்று இருந்ததால் நான் பகல் முழுக்க டி.வி.யைச் சத்தமாக வைத்தேன்.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு நாள் காலை பதினோரு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் தம்பி. திருநெல்வேலிப் பக்கம், வேலையில் சேர்ந்து இங்கே குடிவந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. லுங்கியும் கலைந்த தலையும் சிவந்த கண்ணுமாக, நெளிந்துகொண்டே நின்றார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீய. டி.வி. சத்தத்தக் கொஞ்சம் கொறச்சுக்கிடுதீயளா? நைட் முடிச்சு வந்தேன். எங்க கட்டிலு இந்தச் செவரை ஒட்டித்தான் கெடக்கு."

அவர் கை காட்டிய திசையில் எங்கள் உள் அறை.

"ஆச்சிக்கு மேலுக்கு முடியலியா?" என்று அவரே கேட்டார். "திங்கக்கெழம ஆனா காம்பவுண்டுகிட்ட நின்னு, இந்த வாரம் என்ன ஷிஃப்ட்டுப்பான்னு கேப்பாவ. ரெண்டு வாரமா ஆளையே காணும். அவிய இருந்தா உங்க வீட்ல ஒரு பொட்டுச் சத்தம் வராதே."

"தம்பி, போன மாசம் டாக்டர்கிட்ட போனோமே, கடைசி செவ்வாய்க்கிழமை, அன்னைக்கு உங்களுக்கு என்ன ஷிஃப்ட்?" என்று கேட்டேன். அவர் ஒன்றும் புரியாமல் விரல் விட்டு எண்ணினார். "செகண்ட் ஷிஃப்ட்டுக்கா. முந்துன நாளுதான் மாறுனேன்" என்றார்.

அவர் போன பிறகு டி.வி.யை அணைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். சொந்த வீட்டில் தூங்குகிற ஆள் இல்லை என்றதும் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் தூங்குவார் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. மறதி நோய் யாருக்கு என்று எனக்கே கேட்கத் தோன்றியது.

அந்த வாரமே டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். "ஆனா இந்த வயசுல கொஞ்சம் மறதியும் இருக்கத்தான் செய்யும்மா" என்றும் சொன்னார். அது உண்மைதான். தெளிந்து எழுந்த பிறகும் அத்தை என்னைச் சில நாள் தங்கை பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். அதனால் எது மறதி, எது அக்கறை என்று எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. "பக்கத்து வீட்டுத் தம்பி தூங்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அத்தை?" என்று கேட்டேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "இத்தினி வருசமா ஷிஃப்ட்டு வூட்ல இருந்துகினு, இத கூடவா ஒருத்தர் சொல்லணும்?" என்றார்.

அதன் பிறகு ஒன்றரை வருடம் நன்றாக இருந்தார். அந்தத் தம்பிக்குக் காலை வேலையான ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வருகிற வாரம், அத்தையின் பாட்டுப் பெட்டியால் எங்கள் தெருவே அதிரும்.

இப்போது மேளக்காரர்களிடம் வருகிறேன்.

அத்தை இறந்த வாரம் அந்தத் தம்பிக்கு நைட் ஷிஃப்ட். முந்தின நாள் சாயங்காலம் ஓடி வந்து நின்றார், லீவு கிடைக்காமல் வேலைக்குப் போனார். காலையில் திரும்பி வந்து அத்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவரிடம், "நாலு மணிக்குத்தான் எடுப்பாங்க, போய்ப் படுங்க தம்பி" என்று நான்தான் அனுப்பி வைத்தேன். அன்று ராத்திரியும் அவருக்கு டியூட்டி இருந்தது. பத்து மணிக்குப் பெரியவர் வந்து "அடிக்கலாமாம்மா?" என்று கேட்டபோது, என் கண் நேராக அந்தச் சுவருக்குத்தான் போனது. பெட்டிக்குள் இருக்கும் அத்தை உயிரோடு இருந்திருந்தால் என்ன சொல்வார்? 'அடிங்கடா' என்பாரா, உதட்டில் விரலை வைப்பாரா? எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவரை ஒரு தடவை தப்பாகப் புரிந்துகொண்டு படுக்க வைத்தவள் நான். இன்னொரு தடவை தப்புச் செய்ய எனக்குத் தைரியம் இல்லை.

"பக்கத்துல நைட் ஷிஃப்ட் ஆள் தூங்குறாருங்க. ரெண்டு மணிக்கு மேல அடிக்கலாம்" என்றேன்.

நாத்தனாருக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கம்மாவுக்கு உசுரே பாட்டுதான் அண்ணி. உசுரோட இருக்கறப்பதான் வாயப் பொத்திக்கினு கெடந்துது. செத்த அன்னிக்குமா பொத்திக்கினு போவணும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. என் கணவரைப் பார்த்தேன். அவர் முப்பது வருடம் பகலில் தூங்கியவர். "எனக்கு ஒண்ணும் தோணல. நீயே சொல்லு" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

கிராமத்திலிருந்து ஒப்பாரி பாட வந்த பெண்களிடமும் கெஞ்சினேன். அவர்கள் வட்டமாக உட்கார்ந்து, கட்டிப்பிடித்து, ரகசியம் பேசுவது போல ஒப்பாரி வைத்தார்கள். ஒரு பெரியம்மா பாதியில் நிறுத்திவிட்டு, "இது இன்னாடி, சாவு வூடா, பரீட்ச ஹாலா?" என்று கேட்டார். அழுதுகொண்டிருந்தவர்கள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன், உடனே எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வேப்பமரத்தடியில் மேளக்காரர்கள் மடியில் மேளத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். தோல் தளர்ந்துவிடும் என்று மூன்று தடவை வைக்கோல் கொளுத்திக் காய்ச்சினார்கள். பக்கத்து வீட்டுத் தம்பியின் மனைவி இரண்டு தடவை வந்து, "எழுப்பட்டுமாக்கா?" என்று கேட்டார். "வேண்டாம்மா" என்று நான்தான் பிடிவாதமாகத் தடுத்தேன்.

மணி இரண்டு இருக்கும். பக்கத்து வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. அந்தத் தம்பி சட்டைகூடப் போடாமல் வெறுங்காலோடு ஓடி வந்தார். நடை வாசலில் நின்று, உட்கார்ந்திருந்த எல்லோரையும் மிரள மிரளப் பார்த்தார்.

"ஆச்சியத் தூக்கிட்டீயளா?"

"இல்லை தம்பி, உள்ளதான் இருக்காங்க."

"மேளச் சத்தமே கேக்கலியேக்கா! மேளம் அடிச்சா எந்திரிச்சிருவோம்னு அத நம்பித்தானே படுத்தேன். கடைசியா ஒரு நாளாவது ஆச்சிக்குன்னு அடிக்கறதக் கூட இருந்து கேக்கணும்னு நெனச்சேனே!"

மேளக்காரப் பெரியவர் மெதுவாக, "நீ தூங்கறன்னுதான் தம்பி அடிக்காம குந்தினு இருக்கோம்" என்றார்.

அந்தப் பிள்ளை அப்படியே படியில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு, பெற்ற தாயைப் பறிகொடுத்தவர் போல அழுதார். நாத்தனார்தான் முதலில் எழுந்து போய் அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். காலையிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசாதவர், என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. "அடிங்கப்பா" என்றார்.

அடித்தார்கள். நாலு மணி நேரம் அடக்கி வைத்ததெல்லாம் சேர்த்து அடித்தார்கள். எங்கள் வட்டாரத்தில் அப்படி ஒரு மேளத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. பாடையின் முன்னால் அந்தத் தம்பி சட்டையில்லாமல் ஆடிக்கொண்டே போனார். பெண்கள் நாங்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். சத்தம் தேய்ந்து அடங்கும் வரை நாத்தனார் என் தோளில் சாய்ந்து நின்றார்.

யாருக்காக அதைச் செய்தேன்? தூங்கியவர் மேளத்துக்காகக் காத்திருந்தார். பெற்ற மகள் கேட்டதும் மேளத்தைத்தான். பெட்டிக்குள் இருந்த அத்தையைக் கேட்க வழியில்லை. ஒருவேளை டாக்டரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டதால் உறுத்திய என் மனசாட்சிக்காக மட்டுமே அந்த நாலு மணி நேரத்தை அத்தையிடமிருந்து பறித்தேனோ என்று சில நாள் தோன்றுகிறது. இல்லை, அவர் பேச்சைக் கேட்டு நடந்த ஒரே நாள் அதுதான் என்று சில நாள் தோன்றுகிறது. உறவுக்காரர்கள் கூடும் இடத்தில் இந்தக் கதையைச் சொன்னால் பாதிப் பேர் என்னைத் திட்டுகிறார்கள், பாதிப் பேர் கண்ணைத் துடைக்கிறார்கள். இருபத்தைந்து வருடம் ஒரே அடுப்படியில் அவரோடு இருந்தவள் நான், இப்போதும் யாராவது, "உங்க மாமியாருக்கு ரொம்பப் பிடிச்சது எது?" என்று கேட்டால், "பாட்டு" என்று சட்டென்று சொல்லிவிட்டு, அது சரிதானா என்று ஒரு நிமிடம் தடுமாறி நிற்கிறேன்.